பிரேக்கைத் தொடாத அங்கிள்

அவர் வீட்டு டிவி ரிமோட் என்ன நிறம் என்று கேட்டால் எனக்கு இன்றும் பதில் தெரியாது. அது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அந்த உறை கிழிந்துவிடக் கூடாது என்று அதற்கு மேலே இன்னொரு உறை. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சத்தம்தான் கூடும், இல்லாவிட்டால் கன்னடச் செய்தி வரும். அங்கிளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. "வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் ஷோரூம்ல இருந்து வந்த மாதிரியே இருக்கு பாரும்மா" என்பார். அதை அவர் எப்போது பார்த்தார் என்று நான் கேட்டதில்லை. மாடியில் வாடகைக்கு இருப்பவள் சில கேள்விகளை விழுங்கிக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பிரேசர் டவுனில் அவர்கள் வீட்டு மாடியில் ஓர் அறை எனக்கு. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்து எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே அங்கிளும் ஆன்ட்டியும். மகள் கல்யாணமாகி மைசூரில் இருந்தாள். அங்கிளின் தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்ட குடும்பம். மாநில அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் தமிழ், கேட்டைத் தாண்டினால் கன்னடம், மாஸ்க் ரோட்டுப் பழக்கடையில் அவர் உருது என்று நம்பிய ஏதோ ஒன்று. கணக்குப் போடுவது மட்டும் எங்கே நின்றாலும் கன்னடத்தில்தான்.

பழைய பொருளைப் புதிதுபோல வைத்துக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கிள் அந்த ரகம் இல்லை. புதுப் பொருளைப் புதிதாகவே கிழவியாக்கிவிடுவார். எனக்கு அவர்கள் வீட்டில் காப்பி கொடுக்கும் எவர்சில்வர் டம்ளரில் கடை ஸ்டிக்கர் அப்படியே இருக்கும். கழுவும்போது அந்த ஸ்டிக்கர் நனையாமல் கழுவ வேண்டும் என்று வேலைக்கு வரும் அம்மாவுக்கு உத்தரவு. கல்யாணத்துக்கு ஆன்ட்டிக்கு அவர் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம், கண்ணாடி மேல் ஒட்டிய தாளோடு பீரோவில் இருந்தது. "மணி பாக்கணும்னா?" என்று ஆன்ட்டியிடம் ஒருமுறை கேட்டேன். "பக்கத்துல சர்ச் மணி அடிக்குது, பள்ளிவாசல்ல பாங்கு சொல்றாங்க. இதுக்கு மேல என்னம்மா வேணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம் ஒரு கார் மாட்டினால் என்ன ஆகும்?

அந்த நாளில் வீட்டுக்கு வீடு இருந்த அதே சின்ன வெள்ளைக் கார்தான். ஓய்வு பெற்றபோது வாங்கியது. சீட்டுகளின் மேல் கம்பெனி போட்டு அனுப்பிய பாலிதீன் தாள் அப்படியே இருக்கும். வெயில் காலத்தில் உட்கார்ந்து எழுந்தால் முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒரு நாள் பிரிகேட் ரோட்டில் யாருடைய வெளிநாட்டுக் காரையோ பார்த்துவிட்டார். அதன் சக்கரக் கம்பிகளுக்கு இடையே ரத்தச் சிவப்பில் ஏதோ தெரிந்திருக்கிறது. நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். காரின் டிரைவர் சக்கரத்தைத்தான் கழற்றப் போகிறார் என்று நினைத்து ஓடி வந்து சட்டையைப் பிடித்துவிட்டான். அங்கிளுக்கு அது ஓர் அவமானமாகவே படவில்லை. "கேலிப்பர்ம்மா! கேலிப்பருக்கு ரெட் அடிச்சிருக்கான்!" என்று படியேறி வந்து என்னிடம் சொன்னார்.

கேலிப்பர் என்பது சக்கரத்துக்குள்ளே சுழலும் இரும்புத் தட்டைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற இரும்புக் கவ்வி. நாம் பிரேக்கை மிதித்தால் அது கடிக்கும். இதையெல்லாம் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்ளாமல் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது.

மறு வாரமே ஜே.சி. ரோட்டுக்குப் போய் சைலன்சருக்கு அடிக்கிற, சூடு தாங்கும் சிவப்புப் பெயிண்ட் வாங்கி வந்தார். கேட்டுக்குள்ளே காரை நிறுத்தி, பின் சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, முன் சக்கரத்தைக் கழற்றினார். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார். தின்னரில் நனைத்த துணியால் துடைத்தார். சுழலும் தட்டின் மேலும் ரப்பர் குழாயின் மேலும் பெயிண்ட் படாமல் கன்னடப் பேப்பரைக் கிழித்து டேப் போட்டு ஒட்டினார். ஆன்ட்டி தோசைக்கல்லில் எண்ணெய் தடவ வைத்திருந்த பிரஷ்ஷைக் காணோம் என்று அடுக்களையில் தேடிக்கொண்டிருந்தார். அது அங்கிள் கையில் இருந்தது. நியாயமாகச் சொன்னால், வேலை அவ்வளவு சுத்தம். ஒரு சொட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை. கோயில் சிலைக்குக் கண் திறக்கிறவர்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தார்.

காய வைக்க ஆன்ட்டியின் அறையிலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது ஏப்ரல் மாதம்.

"ஏங்க, கேலிப்பருக்கு வேர்க்குமா?" என்று ஆன்ட்டி வாசலில் நின்று கேட்டார்.

"சும்மா இரு. தூசி ஒட்டிக்கும்."

எல்லாம் முடிந்து சக்கரத்தைத் திரும்ப மாட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த வெளிநாட்டுக் காருக்குக் கம்பி கம்பியாகச் சக்கரம். நம்முடையது மூடிய இரும்புச் சக்கரம், அதற்கு மேல் பிளாஸ்டிக் வீல் கப் வேறு. சிவப்பு போன இடம் தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் இடிந்துபோயிருப்பார்கள். அங்கிளுக்கு அதுதான் பேரானந்தம். வெயில் படாது, மழை படாது, கண்படாது.

ஆனால் யாரிடமும் காட்டாமலும் இருக்க முடியவில்லை. விருந்தாளி வந்தால் காப்பி குடித்து முடிக்கும்வரை பொறுப்பார். பிறகு "வாங்க, ஒண்ணு காட்றேன்" என்று அழைத்துப் போய் செங்கல் வைத்து, ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றிக் காட்டுவார். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் பார்த்திருக்கிறார். மைசூரிலிருந்து வந்த சம்பந்தி, சக்கரம் திரும்ப மாட்டப்படும்வரை, தாலி கட்டும் நேரத்தில் நிற்பதுபோலக் கைகட்டி நின்றார். "சென்னாகிதெ" என்று ஒரு கன்னடக்காரர் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்கு அங்கிளுக்குச் சாப்பாடு ஒரு கவளம் கூடும்.

இதுவரை சிரித்துவிடலாம். இனிமேல் வருவதுதான் எனக்கு எரிச்சல்.

பிரேக் பிடித்தால் தட்டிலிருந்து கரித்தூள்போல ஒன்று கிளம்பும். அது கேலிப்பரில் படியும். சிவப்பு கறுக்கும். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அங்கிள் பிரேக் பிடிப்பதை விட்டுவிட்டார். "பிரேக்கைத் தொடறவன் டிரைவரே இல்லம்மா. முன்னாடியே பாத்து ஆக்சிலேட்டரை விட்டா வண்டி தானா நிக்கும். மரியாதையா நிக்கும்" என்பார். யாருமே பார்க்காத ஓர் இடத்தில் படியும் தூசிக்காக ஒரு மனிதர் பெங்களூர்ச் சாலையில் பிரேக் இல்லாமல் போனார். சிக்னல் சிவப்பு என்று தூரத்திலேயே தெரிந்துவிட்டால் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுவார். பச்சை விழவில்லை என்றால் பக்கத்துத் தெருவில் திரும்பி கோல்ஸ் பார்க்கை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் ஒருநாள் தலையை வெளியே நீட்டி, "ஏனு சாமி, மெரவணிகேனா?" என்று கத்தினார். என்ன சாமி, ஊர்வலமா என்று அர்த்தம். அங்கிள் அவரைப் பார்த்துக் கையசைத்தார். வீட்டு வாசலில் புதிதாக ஒரு சிமெண்ட் மேடு கட்டினார். வண்டி அதன்மேல் ஏறினால் வேகம் தானாகச் செத்து, கேட்டுக்குள் வந்து நிற்கும்.

ஆன்ட்டியின் அக்கா ஓசூர் ரோட்டில் இருக்கும் ஹெப்பகோடியில் மகன் வீட்டில் இருந்தார். மகனுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்டார். போனில் பேசினால் தங்கையின் குரலைக் கேட்டு அழுவார், அவ்வளவுதான். பஸ் மாறி மாறிப் போக ஆன்ட்டியின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. காரில் கூட்டிப் போகச் சொன்னால் அங்கிளிடம் பதில் தயாராக இருக்கும். "ஓசூர் ரோடா? லாரிக்காரன் பூரா அங்கதான் இருக்கான். பிரேக் மேலயே நின்னுட்டுப் போகணும்."

ஆன்ட்டி சண்டை போடுகிறவர் இல்லை. ஒருநாள் மாஸ்க் ரோட்டில் இருந்த டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்பது தாண்டிய வயதில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல் போர்டு வண்டியில். கற்றுக்கொடுத்த பாய் முதல் நாளே சொன்னாராம்: "பிரேக் மார்னே கூ ஷரமாவ் நக்கோ அம்மா." பிரேக் போட வெட்கப்படாதீங்க என்று. அதை மாடிப்படியில் என்னிடம் சொல்லிவிட்டு ஆன்ட்டி சிரித்த சிரிப்பு, அந்தக் கடிகாரச் சிரிப்பு இல்லை. இது வேறு.

லைசென்ஸ் வந்தது. அங்கிள் திட்டவே இல்லை. அவருக்கு நிஜமாகவே பெருமை. நாலு பேரிடம் சொன்னார். அப்புறம் லைசென்ஸைத் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஓரத்தை மெழுகுவத்தியில் காட்டி ஒட்டி, பீரோவில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். "கெட்டுப் போகாம இருக்கட்டும்" என்றார். வண்டிச் சாவியைக் கேட்டபோது, "உனக்குப் பாய் சொல்லிக் கொடுத்ததே பிரேக்குதானே. வேணாம்" என்றார். ஆன்ட்டி உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினார். அன்றைக்கு ஒரு டம்ளரின் ஸ்டிக்கர் நனைந்து உரிந்துவிட்டது.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு எவ்வளவோ சுலபம். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது பன்னும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தது அவர்தான். வந்த இடத்தில் என் வாளியின் கைப்பிடி துருவேறியிருந்ததைப் பார்த்துவிட்டு, அதற்கும் மிச்சமிருந்த சிவப்பை அடித்துக் கொடுத்தார். "ரெண்டு நாளைக்குத் தண்ணி பிடிக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. வண்டிகளுக்குப் பூஜை போடுகிற நாள். பெங்களூரில் அன்று சைக்கிளிலிருந்து லாரி வரை எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். அங்கிள் காரின் முகப்பில் மாலை போட்டதோடு விடவில்லை. சாமிக்கு மட்டும் எப்படிக் காட்டாமல் இருப்பது? முன் சக்கரம் இரண்டையும் கழற்றி, கேலிப்பர்களுக்குச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். பிறகு சக்கரங்களை மாட்டி, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பேங்க்காரர் பொரியும் வாழைப்பழமும் கொடுக்க வந்தார். அவர் இன்னும் கேலிப்பர் பார்க்காதவர். அங்கிள் திரும்பவும் ஜாக்கி வைத்தார். சக்கரத்தைக் கழற்றினார். பேங்க்காரர் குனிந்து பார்த்து, "ஓ, குங்குமம் வச்சிருக்கீங்களா?" என்றார். குங்குமம் கண்ணில் பட்டது, சிவப்புப் பெயிண்ட் படவில்லை. அங்கிள் பதறி, "இல்ல இல்ல, அதுக்குக் கீழ பாருங்க" என்று கையை நீட்டினார். இன்னொரு கையில் பிடித்திருந்த சக்கரம் நழுவி, ரப்பர் செருப்புப் போட்ட வலது காலின் மேல் விழுந்தது.

அவர் போட்ட அலறலில் நான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன். கால் அதற்குள் பன்போல வீங்கிவிட்டது. நான் ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினேன். அங்கே வரிசையாக ஆட்டோக்கள் வாழைக்கன்று கட்டி, பூச்சரம் தொங்க, மணப்பெண்கள்போல நின்றிருந்தன. "பூஜை ஆகாம வண்டி நகராதும்மா. ஒரு கண்டெ வெயிட் பண்ணு" என்றார் புதுச்சட்டை போட்டிருந்த டிரைவர். ஒரு மணி நேரமாம். பேங்க்காரருக்கோ ஸ்கூட்டர் மட்டும்தான் தெரியும்.

நான் திரும்பி வந்தபோது ஆன்ட்டி பீரோவைத் திறந்துகொண்டிருந்தார். லைசென்ஸை எடுத்து, ஒட்டியிருந்த உறையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தார். அந்தச் சத்தம் கேட்டு, காலைப் பிடித்துக்கொண்டு துடித்துக்கொண்டிருந்த அங்கிள் தலையைத் தூக்கினார்.

"ஏய்! மெதுவா. கத்தரிக்கோல்ல வெட்டு!"

ஆன்ட்டி உறையைக் கீழே போட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். நானும் பேங்க்காரரும் சக்கரத்தைத் தூக்கி மாட்டினோம். "ஒண்ணை முறுக்கினா அதுக்கு எதிர்ல இருக்கிறதை முறுக்குங்க" என்று ஆன்ட்டி சொல்லச் சொல்ல நட்டுகளை இறுக்கினோம். விருந்தாளிக்கு விருந்தாளி பார்த்துப் பழகியவர் அல்லவா! ஜாக்கியையும் செங்கலையும் எடுத்துவிட்டு அங்கிளை முன் சீட்டில் ஏற்றினோம். நான் பின்னால் ஏறினேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வாசல் மேட்டில் இறங்கும்போதே ஆன்ட்டி பிரேக்கை மிதித்தார்.

"பிரேக் எதுக்கு? விட்டாலே நிக்கும்ல!" என்றார் அங்கிள் முனகலுக்கு நடுவில்.

"நிக்கும். எப்ப நிக்கும்னுதான் தெரியாது."

ரோடு முழுக்க உடைத்த பூசணிக்காய். குங்குமம் தடவிய துண்டுகள் சிதறிக் கிடந்தன. ஆன்ட்டி ஒவ்வொரு துண்டுக்கும் பிரேக் போட்டார், ஒவ்வொரு மாட்டுக்கும் போட்டார். ஒவ்வொன்றுக்கும் அங்கிள் ஒருமுறை முனகினார். அது காலுக்காகவா கேலிப்பருக்காகவா என்று பிரித்துச் சொல்வது கடினம். கொஞ்ச நேரத்தில் வண்டிக்குள் சந்தன வாசனை வந்தது. கேலிப்பரில் அப்பியது சூடாகிக் கமழ ஆரம்பித்திருந்தது.

ஒரு திருப்பத்தில், எங்களுக்கு முன்னால் போன பைக் பூசணிச் சதையில் வழுக்கியது. ஓட்டியவர் நடுரோட்டில் விழுந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாலிதீன் சீட்டில் மூவரும் முன்னால் வழுக்கினோம். கண்ணைத் திறந்தபோது கார் அசையாமல் நின்றிருந்தது. விழுந்தவர் எங்கள் பம்பரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பேன்ட்டைத் தட்டிவிட்டு, ஆன்ட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். அவ்வளவு பக்கம்.

"பிடிச்சிடுச்சே" என்றார் அங்கிள், வெகு மெல்ல.

"பிடிக்கத்தானே வச்சிருக்காங்க" என்றார் ஆன்ட்டி.  கிளட்ச்சை மிதித்து, கியர் போட்டு, வண்டியை எடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எலும்பு உடைந்திருப்பதாகச் சொல்லி, ஊசி போட்டு, முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். காலை ஊன்றவே கூடாது என்றார் டாக்டர். சக்கர நாற்காலியில் காருக்குக் கொண்டுவந்தபோது அங்கிள் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். குனிந்து முன் சக்கரத்தில் உள்ளங்கையை வைத்தார். வீல் கப்பின் ஓட்டைக்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் கறுத்திருந்தது. போச்சு, இனி வீடுவரை புலம்பல்தான் என்று நினைத்தேன்.

"சூடா இருக்கு" என்றார். ஆச்சரியமாகத்தான் சொன்னார். உடனே அவருக்கே உரிய பெருமை வந்துவிட்டது. "சூடு தாங்கற பெயிண்ட். அதான் ஜே.சி. ரோடு பூரா தேடி வாங்கினேன்."

"இன்னைக்குத்தான் அதுக்கு வேலை வந்திருக்கு. ஏறுங்க" என்றார் ஆன்ட்டி.

ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியதும் கார் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அங்கிள் கவனித்தார்.

"ஏய், வீடு அந்தப் பக்கம்."

"அக்கா வீடு இந்தப் பக்கம்."

"கால்ல கட்டோட ஹெப்பகோடியா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"காலை ஊனக் கூடாதுன்னாரு. ஹெப்பகோடி போகக் கூடாதுன்னு சொல்லல."

அங்கிள் உதவிக்குத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்து மாதக்கணக்காகிவிட்ட ஒரு பெண் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். அதில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை, சந்தோஷத்தைத் தவிர.

ஓசூர் ரோட்டில் லாரிகள் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு வந்தன. ஒவ்வொரு லாரிக்கும் ஆன்ட்டி வெட்கப்படாமல் பிரேக் போட்டார்.  அங்கிள் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். நான் பின்னாலிருந்து அவர் காலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். லாரியின் பின்புறம் நெருங்கி வரும்போதெல்லாம் அந்த மாவுக்கட்டுக் கால், டாக்டர் ஊன்றக் கூடாது என்று சொன்ன அதே கால், பிரேக் இல்லாத அந்த வெறும் தரையை ஓங்கி மிதித்தது. ஹெப்பகோடி வரை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தார்.